அப்பாவின் கல்லறையில் பூச்சாடி நிற்கமாட்டேன் என்கிறது. எப்படிச் செய்தால் நிலைக்கும்?

மனையாவெளி மகள்

வணக்கம். கல்வேலையும் வெல்டிங்கும் தெரிந்த ஆட்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருப்பதால் இங்கே கேட்கிறேன், வேறெங்கே போய்க் கேட்பதென்றும் தெரியவில்லை.

அப்பா போய் இரண்டு வருடம். முதலாம் ஆண்டு நினைவுக்கு இங்கே திருமலையில் (திருகோணமலை) சேமக்காலையில் கல்லறை கட்டினோம். அடியில் கொங்கிரீட், மேலே 20 மில்லிமீற்றர் கறுப்புக் கிரனைற் பலகை, ஆறரை அடிக்கு மூன்றடி. தலைமாட்டில் சிலுவை வெட்டிய கல், இரண்டரை அடி உயரம், அதில் அப்பாவின் படமும் பெயரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. தொல்லை முழுக்கப் பூச்சாடியில்.

பெரியண்ணா கனடாவிலிருந்து வந்தபோது கொழும்பில் இரண்டு பித்தளைச் சாடி வாங்கி வந்தார். 14 அங்குல உயரம், இடுப்புச் சிறுத்து வாய் விரிந்தது. மேசன் ஒருவர் சிலிக்கன் போட்டு ஒட்டித் தந்தார். மூன்று மாதம் நின்றது. கச்சான் தொடங்கிய கிழமை (கடலை இல்லை, காற்று, வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்) போய்ப் பார்த்தால் ஒன்று பக்கத்துக் கல்லறைக்கு நடுவில் உருண்டு கிடக்கிறது, மற்றதைக் காணவேயில்லை. நின்ற இடத்தில் வட்டமாகச் சிலிக்கன் தோல் மட்டும் மிச்சம். நகத்தால் கிளப்பினேன், பப்படம் மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. கிடந்த சாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன்.

அப்புறம் வெள்ளைப் பிளாஸ்டர் சாடி இரண்டு வைத்தேன். மாடு வந்து செவ்வந்தியை இழுத்ததில் சாடியும் போனது. அதற்குப் பிறகு ஜாம் போத்தல்தான். மழைக்காலத்தில் ஒருநாள் போனபோது சுகாதாரப் பரிசோதகர் யாரோ வந்து பார்த்துவிட்டு என் போத்தலைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே நுளம்புக் குடம்பி நெளிந்திருக்கும், வேறென்ன. வெட்கமாகப் போய்விட்டது.

இறந்தவர்களை நினைக்கிற நவம்பர் 2 வருகிறது, இன்னும் ஆறு கிழமைதான். பெரியண்ணா ‘வெண்கலத்தில் செய், காசு அனுப்புகிறேன்’ என்கிறார், பிரான்சிலிருக்கும் சின்னண்ணா ‘பிளாஸ்டிக் பூ வைத்துவிடு, சரி’ என்கிறார். இரண்டு பேரும் கல்லறையைக் கூட்டப் போவதில்லை, நான்தான் போகிறேன். காற்றுக்கு விழக்கூடாது, மாடு தள்ளினால் உடையக்கூடாது, கள்ளனுக்கு உதவக்கூடாது, தண்ணீர் தேங்கக்கூடாது, பார்க்கவும் வடிவாக இருக்க வேண்டும். இப்படி ஒன்று உண்டா, இல்லை நான்தான் அதிகமாக ஆசைப்படுகிறேனா?

உளி

தங்கச்சி, அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் சாடியைக் கடையில் வாங்கிக் கல்லறையில் ஒட்டுவது என்ற யோசனையை முதலில் விடுங்கள். சாடி என்பது கல்லறையின் ஓர் உறுப்பாக இருக்க வேண்டும், கை மாதிரி. மேலே கொண்டுபோய் வைத்த சாமான் என்றால் அது எப்படியும் ஒருநாள் வந்த வழியே போகும்.

உங்கள் பித்தளைச் சாடி ஏன் கழன்றது என்று சொல்கிறேன், இதைத்தான் எல்லாரும் பிழையாகச் செய்கிறார்கள். மினுக்கிய கிரனைற் என்பது கண்ணாடி மாதிரி. அதன்மேல் பட்டறையில் பூசிய மெழுகும் இருக்கும். அதைத் துடைக்காமல், மத்தியான வெயிலில் தூசியோடு சிலிக்கன் போட்டால் அது கல்லைப் பிடிப்பதில்லை, மெழுகைத்தான் பிடிக்கிறது. உங்கள் சிலிக்கன் முழுத் தோலாகக் கழன்றது அதனால்தான். நன்றாகப் பிடித்திருந்தால் கிழிந்து கிழிந்துதான் வரும். இரண்டாவது, போடும்போது வினாகிரி மணம் வந்ததா? அந்த வகை அமிலம் கக்கிக் காயும். மாபிளைத் தின்னும், சீமெந்தில் நாளாக நாளாகப் பிடி விடும். மணமில்லாத வகை என்று கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அதையும் சாடியைத் தாங்க நம்பக்கூடாது, இடைவெளி அடைக்க மட்டும்தான்.

மூன்றாவது உருவம். 14 அங்குல உயரம், மேலே பூ இன்னும் ஓர் அடி, பாதம் மூன்று நான்கு அங்குலம். பூக்கொத்துப் பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கிறது, சாடி கடப்பாரை மாதிரி அடியை நெம்புகிறது. கச்சானில் நாள் முழுக்க ஒரே பக்கமாக நெம்பினால் எந்தப் பசை நிற்கும்?

என் யோசனை, கல்லிலேயே செய்யுங்கள். அதே கறுப்புக் கிரனைற்றில் கட்டியாக ஒரு துண்டு, 6 அங்குலத்துக்கு 6, உயரம் 9. நடுவில் 75 மில்லிமீற்றர் துளை, மேலிருந்து கீழ்வரை திறந்தபடி. கருங்கல் ஒரு கன அடி 75 கிலோவுக்குக் குறையாது, அந்தக் கணக்கில் துளை போகவும் இந்தத் துண்டு 11 கிலோவுக்கு மேலே வரும். மாடு முட்டினால் மாட்டுக்குத்தான் நோகும். கள்ளன் தூக்கினாலும் பழைய இரும்புக் கடையில் கல்லுக்கு யார் காசு கொடுப்பார்?

துளையைச் சாதாரண ட்ரில்லால் போடவே கூடாது. வைர முனை வைத்த குழாய் வெட்டி இருக்கிறது, தண்ணீர் விட்டுக்கொண்டே, சுத்தியல் ஓட்டத்தை நிறுத்திவிட்டுச் சுழற்றி மட்டும் இறக்க வேண்டும். அவசரப்பட்டு அமத்தினால் வெளியே வருகிற பக்கம் சிப்பி சிப்பியாகத் தெறிக்கும், அதனால் அந்தப் பக்கத்தை அடிப்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிறுத்துவது. உங்கள் 20 மில்லிமீற்றர் பலகை வெறும் தோல், அதில் எதையும் தொங்கவிடாதீர்கள், ஊசி, அதாவது சாடியைப் பிடித்து நிறுத்துகிற கம்பி, அதைத் தாண்டிக் கொங்கிரீட்டுக்குள் இறங்க வேண்டும். முதலில் ஒரு நாணயத்தால் பலகையைத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக் டக்’ என்றால் அடியில் சாந்து நிறைந்திருக்கிறது, ‘டொம்’ என்றால் வெறுமை, அந்த இடத்தில் துளைத்தால் பலகை வெடிக்கும். நல்ல இடம் பார்த்து, சாடித் துண்டின் எதிரெதிர் மூலை இரண்டில், விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே, 10 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத நூல்கம்பி (திருகுமரை வெட்டிய கம்பி) இரண்டு. கீழே கொங்கிரீட்டுக்குள் நான்கு அங்குலம், மேலே துண்டுக்குள் இரண்டரை அங்குலம். கொங்கிரீட்டில் 12 துளை என்றால் பலகையில் 14 போடுங்கள், அப்போதுதான் சுத்தியல் ஓட்டம் கல்லில் படாது. துளைக்குள் இருக்கும் மாவைச் சைக்கிள் பம்பால் ஊதி, தூரிகை விட்டுத் தேய்த்து, திரும்ப ஊதி, அதற்குப் பிறகுதான் எப்பொக்சிப் பசை. மாவோடு ஊற்றினால் அது மாவைத்தான் ஒட்டும், கல்லை இல்லை. எப்பொக்சி வெயில் பட்டால் மஞ்சளாகும், வெளியே வழியவிடாதீர்கள்.

வீட்டில் கிடக்கிற இரும்புக் கம்பியை வெட்டிப் போடலாமா என்று மேசன் கேட்பார். வேண்டாம். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேலே ஊதும், உள்ளிருந்தே கல்லைப் பிளந்துவிடும். பழைய கல்லறைகளில் சிலுவையின் அடி வெடித்து நிற்கிறதே, பல இடத்தில் காரணம் உள்ளே இருக்கிற இரும்புக் கம்பிதான்.

கோட்டைவாசல்

கல்வேலை எனக்குத் தெரியாது, ஆனால் ஒரு சங்கதி விட்டுப்போனது. மாடு மட்டுமா? பிரெட்றிக் கோட்டைக்குக் கிட்டக் கல்லறை வைத்திருக்கிற எங்களைக் கேளுங்கள். மான் வரும். படம் எடுக்கிற சுற்றுலாக்காரருக்கு அது அழகு, எங்களுக்கு விடிய வைத்த செவ்வந்தி பின்னேரம் வெறும் தண்டு. ஒருமுறை பூசை முடிந்து திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு மான் அம்மம்மாவின் கல்லறையில் நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது. தம்பி துரத்தப் போனான், அம்மா ‘விடடா, அம்மம்மா எப்பவும் யாருக்கும் சாப்பாடு கொடுக்காமல் அனுப்பினதில்லை’ என்றுவிட்டார்.

பட்டிப்பூவை (நித்தியகல்யாணி) தொடாது, கசப்பு. அந்தூரியத்தையும் எங்கள் பக்கம் விட்டுவிடுகிறது. அலரி வைக்காதீர்கள், ஆடு மாடு தின்றால் நஞ்சு, அந்தப் பாவம் வேறு.

உப்புக்காற்று

உளி அண்ணா சொன்னது சரி, ஆனால் உள்ளே பூ வைக்க ஒரு கிண்ணம் வேண்டுமே, வெறும் துளையிலா குத்துவது? அதற்கு ஸ்டெயின்லெஸ் கிண்ணம் செய்யலாம். 25 வருடமாக வெல்டிங் பட்டறையில் நிற்கிறேன், படகுக்காரருக்கும் ஹோட்டல்காரருக்கும் செய்து பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

திருமலையில் கடல் இல்லாத பக்கம் எது? சும்மா ‘ஸ்டெயின்லெஸ்’ என்று கேட்டு வாங்கினால் 304 என்கிற ரகம் தருவார்கள், சில இடத்தில் அதைவிட மலிவான 202. கடற்காற்றுக்கு ஆறு மாதத்தில் தேயிலைச் சாயம் மாதிரிப் பழுப்புக் கோடு இறங்கும், பிறகு குண்டூசி குத்தின மாதிரிப் புள்ளி புள்ளியாக ஓட்டை. 316 தான் வேண்டும். அதில் மொலிப்டினம் என்று ஓர் உலோகம் 2 முதல் 3 வீதம் கலந்திருக்கும், உப்பைத் தாங்குவது அதுதான். காந்தம் வைத்துப் பார்த்து ‘ஒட்டவில்லை, நல்ல சாமான்’ என்று ஏமாறாதீர்கள், காந்தம் 304 இலும் ஒட்டாது 316 இலும் ஒட்டாது, 202 இலும் பெரும்பாலும் ஒட்டாது. நூல்கம்பியும் 316 தான். கல்லுக்குள் போவதைத் திரும்பப் பார்க்க முடியாது.

வெல்ட் பிடித்த இடத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் வரும், அதை அப்படியே விட்டால் துரு அங்கேதான் முதலில் தொடங்கும். அதற்கென்று பசை இருக்கிறது, பூசிக் கழுவ வேண்டும். சாதாரண இரும்புத் தூரிகையால் தேய்த்தால் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடிக்கும், பிறகு நான் கள்ளச் சாமான் தந்தேன் என்று சண்டைக்கு வருவார்கள்.

கிண்ணம் கழன்று வர வேண்டும், கழுவ. ஆனால் சும்மா தூக்கினால் வரக்கூடாது. கிண்ணத்தின் பக்கத்தில் இரண்டு சிறிய முளை, கல்லுக்குள் ஒட்டிய வளையத்தில் ‘ட’ மாதிரி வெட்டு. அமத்திக் கால் சுற்றுத் திருப்பினால் பூட்டும். மாட்டுக்கும் காகத்துக்கும் அது தெரியாது. கள்ளனுக்குத் தெரியும்தான், ஆனால் அரைக் கிலோத் தகரத்துக்காக எல்லாக் கல்லறையிலும் திருப்பிக்கொண்டிருக்க மாட்டான்.

அலுமினியம் வேண்டாம். ஸ்டெயின்லெஸ்ஸோடு தொட்டபடி உப்பீரத்தில் இருந்தால் அலுமினியம்தான் கரையும், வெள்ளை மாவாக.

ஸ்காபரோ குருவி

உங்கள் பெரியண்ணா வெண்கலம் என்பது ஏன் என்று எனக்குப் புரிகிறது. வட அமெரிக்காவில் நினைவுப் பூங்கா மாதிரியான இடுகாடுகளில் கல் நிமிர்ந்து நிற்காது, புல்லோடு புல்லாக வெண்கலத் தகடுதான். அதன் நடுவில் ஒரு வட்ட மூடி மாதிரித் தெரியும். அதைத் தூக்கினால் சாடி, தலைகீழாக உள்ளே இறங்கி இருக்கும், சங்கிலியும் உண்டு. எடுத்து நிமிர்த்திச் சொருகித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். பனிக்காலத்தில் உள்ளே தண்ணீர் உறைந்து விரிந்து வெடிக்காமலிருக்கத் திரும்பக் கவிழ்த்துவிடுவார்கள், புல் வெட்டுகிற வண்டியும் மேலால் போகும். எங்கள் அப்பாவுக்கு இங்கே அப்படித்தான். முதல்முறை பார்த்தபோது கொஞ்சம் அதிசயமாகத்தான் இருந்தது.

அதை அங்கே செய்யலாமா?

உளி

குருவி, அது அந்த ஊர்ப் பனிக்கும் அந்த ஊர்ப் புல்வெட்டிக்கும் யோசித்த சாமான். இங்கே அந்த நிலக்குழிக்குள் ஒரு மழைக்கு மணலும் தண்ணீரும் இறங்கி, இரண்டாம் மாதம் சாடியை இழுத்தால் வராது. நுளம்புக்கு மாளிகை கட்டிக் கொடுத்த மாதிரியும் இருக்கும். அங்கேயும் வெண்கலச் சாடியைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள் என்று செய்தியில் வருகிறதே, இங்கே சொல்ல வேண்டுமா. ஒரு சாடி ஏற்கெனவே போய்விட்டது, மற்றது அலுமாரி மேலே பத்திரமாக இருக்கட்டும்.

திருப்பிப் பூட்டுகிற யோசனை மட்டும் நல்லது, உப்புக்காற்று சொன்னதும் அதேதான்.

நுளம்புவலை

அக்கா, வெட்கப்பட ஒன்றுமில்லை. டெங்கு வேலையில் பல வருடம் திரிந்தவன் நான். கழிந்த ரயர், தேங்காய்ச் சிரட்டை, யோகட் கோப்பை, அதற்கு அடுத்து சேமக்காலைப் போத்தல்தான் என் கண்ணில் படும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி வழக்கே போடலாம், உங்கள் போத்தலைக் கவிழ்த்துவிட்டுப் போனவர் நல்ல மனுசர்.

விசயம் என்னவென்றால், டெங்கு நுளம்பு குளத்தையும் ஆற்றையும் தேடுவதில்லை, இப்படிப்பட்ட சின்னச் சின்ன ஏனத்தில் தேங்கும் தண்ணீரைத்தான் தேடும். முட்டையை நீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பு வர இந்த வெக்கையில் ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் ‘கிழமைக்கு ஒருக்கால் தண்ணீரைக் கொட்டுகிறேன்’ என்பது பாதி வேலை, சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் முழு வேலை. நவம்பர் 2 க்குப் பூ வைத்துவிட்டு எல்லாரும் போய்விடுவோம், பின்னால் வாடை மழை தைமாதம் வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள், திருமலையில் இதைவிட மோசமான நாள் கிடைக்காது.

வழி மிகச் சுலபம். மணல். கிண்ணத்தை வாய்வரை மணலால் நிரப்பி, அதை நனைத்து, பூவை மணலில் குத்துங்கள். தண்ணீர் மணலுக்குள்ளே இருக்கும், மேலே திறந்த நீர்ப்பரப்பு இருக்காது, நுளம்புக்கு முட்டையிட இடமில்லை. தென்னமெரிக்கப் பக்கம் சில நாடுகளில் சேமக்காலைகளில் இதைச் செய்து பார்த்துப் பலன் கண்டிருக்கிறார்கள். கிண்ணத்தின் அடியிலிருந்து ஓர் அங்குலத்துக்கு மேலே பக்கவாட்டில் ஒரு சிறிய துளை போட்டால், வேருக்குத் தேவையான ஈரம் கீழே நிற்கும், மழைத் தண்ணீர் மணலுக்கு மேலே ஏறாமல் வழிந்துவிடும். வேர் எங்கே இருக்கிறது, வெட்டின பூதானே என்று கேட்காதீர்கள், பழக்கதோசத்தில் வந்துவிட்டது.

செம்புப் பாத்திரத்தில் குடம்பி சரியாக வளராது என்று ஆராய்ச்சி உண்டு. ஆனால் செம்பை அங்கே வைத்தால் நுளம்புக்கு முன்னே வேறு ஆள் வந்துவிடும்.

பூக்கடையில் பச்சை நிறத்தில் ஒரு பஞ்சுக்கட்டி தருவார்கள், ஓயாசிஸ். ஒருமுறை காய்ந்தால் திரும்பத் தண்ணீர் குடிக்காது, வெயிலில் இரண்டு நாளில் மாவாகிப் பறக்கும். வேண்டாம்.

மனையாவெளி மகள்

எல்லாருக்கும் நன்றி, மான் கதைக்கும் சேர்த்து. உளி அண்ணா, இரண்டு கேள்வி. துண்டின் துளை அடிவரை திறந்திருந்தால் மழைத் தண்ணீர் பலகைக்கும் துண்டுக்கும் இடையில் தங்காதா? உப்புக்காற்று அண்ணா, 316 கிண்ணம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எனக்கு இந்த ‘அரைக் கிலோத் தகரம்’ என்பதிலேயே பயமாக இருக்கிறது. பித்தளை போனபோது காசு போனதைவிட, அப்பாவிடமிருந்து யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதுதான் கிழமைக்கணக்காக வயிற்றுக்குள் நின்றது. திரும்ப அது வேண்டாம்.

உளி

நல்ல கேள்வி. துண்டின் அடியில் கிரைண்டரால் சிலுவை மாதிரி இரண்டு கோடு வெட்டச் சொல்லுங்கள், துளைக்கு நடுவால், நான்கு பக்கமும் வெளியே வருகிற மாதிரி. 10 மில்லிமீற்றர் அகலம், 10 ஆழம். உள்ளே இறங்குகிற தண்ணீர் நான்கு பக்கமும் ஓடிவிடும். மூலைகளில் மட்டும் பசை. மேற்பலகைக்குக் கால்மாட்டுப் பக்கம் கொஞ்சம் சரிவு இருக்கிறதா என்று நீர்மட்டம் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் அது வேறு கதை.

கிண்ணத்துக்குத் தகரமே வேண்டாமே. பி.வி.சி. பைப் 63 மில்லிமீற்றர், எட்டு அங்குலம் வெட்டி, அடியில் மூடி ஒட்டி, நுளம்புவலை சொன்ன துளையைப் போடுங்கள். மூடியோடு சேர்த்து 75 துளைக்குள் இறங்கும், முதலில் மூடியைக் கையில் கொண்டுபோய்க் கல்லில் அளந்து பாருங்கள். வாய் கல்லின் விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும், வெளியே தெரியாது, அதனால் வெயிலும் நேரே படாது. பி.வி.சி.யை உடைப்பது வெயில்தான். உடைந்தாலும் பத்து நிமிடத்தில் வேறொன்று வெட்டலாம். இதைக் களவெடுக்கிறவன் இனித்தான் பிறக்க வேண்டும்.

உப்புக்காற்று

என் பிழைப்பில் மண் போடுகிறீர்கள் அண்ணா. ஆனால் சரிதான். மணல் நிரம்பியிருந்தால் பூட்டும் தேவையில்லை, பாரமே பிடிக்கும். கம்பி மட்டும் 316, அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓவிய வாத்தி

எல்லாரும் விழாமலிருப்பதைப் பற்றியே கதைக்கிறீர்கள், அந்தப் பிள்ளை வடிவாகவும் கேட்டது.

இரண்டரை அடிக் கல்லுக்கு முன்னால் 9 அங்குலத் துண்டு என்பது மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு, நல்ல அளவு. பூ, சாடியின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு மேலே நின்றால் கண்ணுக்கு இதம், அப்படிப் பார்த்தால் மொத்தம் இருபத்திரண்டரை அங்குலம் வரும். நடுவில் வைத்தால் அப்பாவின் முகமே பூவுக்குப் பின்னால் போய்விடும். ஆகவே இரண்டு துண்டு, இரண்டு பக்கமும், கல்லின் வெளி விளிம்போடு சாடியின் வெளி விளிம்பு ஒரே கோட்டில். செலவுக்கு ஒன்றுதான் முடியும் என்றால் நடுவில் வேண்டாம், ஒரு பக்கமாக வையுங்கள், மறுபக்கம் மெழுகுதிரிக்கு விடுங்கள். மெழுகு உருகிக் கிரனைற்றில் ஒட்டினால் சுரண்டக்கூடாது, அதற்கும் ஒரு சின்னத் தட்டுக் கல் வேண்டும், அது பிறகு.

எல்லா முகத்தையும் கண்ணாடி மாதிரி மினுக்காதீர்கள். மேல் முகத்தை மட்டும் மினுக்கி, நான்கு பக்கத்தையும் கொத்திவிட்டால் கறுப்பு, சாம்பல் நிறமாகத் தெரியும், பலகையின் மினுக்கத்துக்கு மேலே அது தனியாக எடுத்துக்காட்டும், மாட்டுக் கொம்பு உரசின கீறலும் தெரியாது. விளிம்புகளை அரை அங்குலம் சரித்து வெட்டுங்கள், கூர் மூலை முதலில் உடையும், சின்னப் பிள்ளைகள் ஓடித்திரிகிற இடம் வேறு. மேல் முகமும் துளையிலிருந்து வெளியே ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) சரிவாக இருக்கட்டும், ஒரு கரண்டித் தண்ணீர் கூட நிற்காமல்.

நிலாவெளி வீதியில் இருக்கிற போர்க் கல்லறைக்குப் போயிருக்கிறீர்களா? பொதுநலவாயக் கல்லறைகளில் சாடி வைக்கிற வழக்கமில்லை, நடுகல்லின் அடியில் செடியாகவே நட்டுவிடுவார்கள். உங்களுக்குக் கால்மாட்டில் ஓர் அடி மண் விட முடிந்தால் பட்டிப்பூவோ வாடாமல்லியோ நடலாம். வருடத்தில் நாலு நாள் சாடிக்குப் பூ வரும், மற்ற நாளெல்லாம் கல்லறை வெறுமையாகத் தெரியாது. மான் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள்.

மனையாவெளி மகள்

ஐயா, மண் விடுகிற இடத்தில் எல்லாம் கொங்கிரீட் போட்டுவிட்டோம். இதை இரண்டு வருடத்துக்கு முன்னே கேட்டிருக்க வேண்டும்.

(ஐந்து கிழமைக்குப் பிறகு)

செய்தாயிற்று, அதனால் வந்து எழுதுகிறேன். இரண்டு துண்டு, கொத்திய பக்கம், மினுக்கிய தலை. கல் பட்டறையில் துளை போட ஒரு துண்டுக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அந்தத் தம்பி ஒரு கையால் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி மற்றக் கையால் இறக்கிக்கொண்டிருந்தான், சாம்பல் நிறப் பால் மாதிரி வழிந்து அவன் செருப்பெல்லாம் நிறைந்தது. கடைசியில் துளைக்குள்ளிருந்து உருளையாக ஒரு கல் கழன்று விழுந்தது, சின்ன அம்மிக்குழவி மாதிரி, வழுவழுப்பாக. இரண்டையும் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். ஒன்று இப்போது வீட்டில் கதவு அடிக்காமல் முட்டுக் கொடுக்கிறது.

நாணயத்தால் தட்டிப் பார்த்ததில் இடது பக்கம் ‘டொம்’ என்றது. மேசன் ‘அதெல்லாம் பரவாயில்லை அக்கா’ என்றார், நான் விடவில்லை. நான்கு அங்குலம் உள்ளே தள்ளினால் நல்ல சத்தம் வந்தது, வலது பக்கத்தையும் அதே அளவு தள்ளி வைத்தோம். கல்லின் விளிம்போடு ஒரே கோட்டில் வரவில்லை, வாத்தி ஐயா மன்னிக்க வேண்டும். பைப் மூடி இறுக்கமாக இருந்தது, உப்புத்தாளால் சுற்றிவரத் தேய்த்து இறக்கினேன். ஒரு வாளித் தண்ணீரை இரண்டிலும் ஊற்றிப் பார்த்தோம். நான்கு பக்கத்தாலும் வழிந்து கால்மாட்டுக்கு ஓடியது. பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த அம்மா ஒருவர் நின்று பார்த்துவிட்டு எங்கே செய்தீர்கள் என்று கேட்டார்.

பெரியண்ணாவுக்குப் படம் அனுப்பினேன். ‘நல்லாத்தான் இருக்கு, பூ எங்கே?’ என்றார். இரண்டாம் தேதி விடியத்தான் வைப்பேன், இப்போதே வைத்து மானுக்கா கொடுப்பது?

உளி

கேட்கச் சந்தோசம். வலது இடது ஒரே அளவு தள்ளினீர்கள் என்றால் யாருக்கும் தெரியாது, வாத்தி அளவுநாடா கொண்டுபோனால் ஒழிய.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கிண்ணத்துக்கு மணல் எங்கே அள்ளினீர்கள்? கடற்கரையில் இல்லைதானே? அந்த உப்பு மணலில் பூ ஒருநாளும் தாங்காது, அதன் தண்ணீர் வழிந்து ஊசியடிக்குப் போனால் 316 கூட யோசிக்கும்.

மனையாவெளி மகள்

ஐயோ. சேமக்காலைக்கு வருகிற வழியில் டச்சு பேயில்தான் ஒரு பை அள்ளினேன்.

சரி, நாளைக்குக் கொட்டிவிட்டு, கிண்ணத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். பக்கத்து வீட்டில் மேல்மாடி கட்டுகிறார்கள், மகாவலி ஆற்று மணல் குவித்து வைத்திருக்கிறார்கள், இரண்டு சிரட்டை கேட்டால் தருவார்கள்.

நுளம்புவலை

கேட்டுவிட்டு அந்தச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.